காயம்பட்ட குதிரையை எங்கே வைத்துத் தேற்றுவது: லாயமா, வளவா, வெளியா, பேராதனையா?

நிலாவெளியில் கடற்கரைச் சவாரிக்கு ஒரு மட்டக்குதிரை வைத்திருக்கும் ஒருவர் போன கிழமை இரவு பத்தரை மணிக்குப் போன் எடுத்தார். முள்ளுக்கம்பி முன்னங்காலைக் கிழித்துவிட்டது, இரத்தம் நின்றுவிட்டது, மிருக வைத்தியர் பின்னேரம் வந்து கழுவிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். மனிதருக்கு அடுத்தது என்னவென்று தெரியவில்லை. "அண்ணன், கராஜுக்குள்ள கட்டி வைக்கவா, வளவுக்குள்ள விடவா, இல்லாட்டி லொறி பிடிச்சு பேராதனை மிருக ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகவா? பக்கத்து வீட்டு ஐயா சொல்றார், சும்மா அவிழ்த்து விடு, தானா ஆறும் எண்டு."

இதே கேள்வியை இந்த வருடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். திருகோணமலையில் குதிரை வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், அதனால் ஒருவருக்கு நடந்தது அடுத்தவருக்குத் தெரிவதில்லை, ஒவ்வொருவரும் முதலிலிருந்து தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறியவன்தான். இரண்டு வருடம் முன்பு எங்கள் செவலைப் பெட்டைக்குப் பின்னங்காலில் ஆழமான வெட்டு. ஆறி முடிய நாலரை மாதம் போனது. அதில் பாதி அலைச்சல் நான் தவறான இடத்தில் வைத்ததால் வந்தது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மிருக வைத்தியன் இல்லை. கீழே இருப்பதெல்லாம் வைத்தியர் ஒருமுறையாவது காயத்தைப் பார்த்த பிறகு, "இனி வீட்டில் எப்படி வைத்திருப்பது" என்ற கேள்விக்கு மட்டும்தான். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டாயிற்றா என்று அவரிடம் கட்டாயம் கேளுங்கள். ஏற்பு நோய் மற்ற வீட்டு மிருகங்களைவிடக் குதிரையை மிகச் சுலபமாகப் பிடிக்கும், சின்ன ஆணிக்காயமே போதும். தாடை இறுகுவது, கண்ணின் மூன்றாவது இமை வெளியே தள்ளுவது எல்லாம் தெரிய ஒன்றிரண்டு கிழமை ஆகலாம், தெரிந்த பிறகு காப்பாற்றுவது பெரும்பாடு.

## எதை வைத்து முடிவெடுப்பது

எல்லோரும் காயத்தின் நீளத்தைச் சொல்கிறார்கள். "நாலு அங்குலம் கிழிஞ்சிருக்கு." நீளம் அவ்வளவு முக்கியமில்லை. எங்கே என்பதுதான் முக்கியம். நெஞ்சிலோ தொடையிலோ ஒரு சாண் கிழிந்தாலும் அடியில் தசை இருக்கிறது, இரத்த ஓட்டம் இருக்கிறது, பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் நன்றாக ஆறிவிடும். முழங்காலுக்குக் கீழே அப்படி இல்லை. அங்கே தோல், நரம்பு (தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைத்தான் சொல்கிறேன்), எலும்பு, அவ்வளவுதான், தசையே கிடையாது. ஒரு அங்குலக் காயம்கூட மாதக்கணக்கில் இழுக்கும். மூட்டுக்குப் பக்கத்தில் என்றால் அது முற்றிலும் வேறு கதை, கடைசியில் வருகிறேன்.

இரண்டாவது, யார் வீட்டில் இருப்பார்கள். இதை யாரும் கேட்பதில்லை, எனக்கு இதுதான் முதல் கேள்வி. விடிய ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை என்று தண்ணீர், தீனி, சாணம் அள்ளுவது, காயத்தின் கட்டைப் பார்ப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் போய்விடும். இரண்டு மாதத்துக்கு 180 மணித்தியாலம். அதைவிட முக்கியமானது மத்தியானம் இரண்டு மணி. வெயில் உச்சியில் ஏறி, வாளியில் தண்ணீர் முடிந்து, குதிரை எரிச்சலில் காயக்கட்டைப் பல்லால் இழுக்கத் தொடங்கும் நேரம் அது. அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் இருக்கிறாரா?

பிறகு பருவம். எங்கள் ஊருக்கு இரண்டு காலம்தான்: கச்சான் காற்று அடித்து எல்லாம் காய்ந்து கிடக்கும் மே முதல் செப்டெம்பர் வரை ஒன்று, வாடைக்காற்றோடு மழை கொட்டும் ஒக்டோபர் கடைசியில் இருந்து ஜனவரி வரை இன்னொன்று. ஜூலையில் சரியான இடம் டிசெம்பரில் தவறான இடம்.

குதிரையின் குணமும் பார்க்க வேண்டும். அடைத்தால் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து வியர்த்துக் கொட்டும் குதிரையும் உண்டு, மூலையில் நின்று தூங்கும் குதிரையும் உண்டு. காசைக் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் முதல் நாளில் மலிவாகத் தெரிவது முப்பதாவது நாளில் அப்படித் தெரியாது.

## லாயத்தில் அடைத்து முழு ஓய்வு

வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் இதைத்தான் காட்டுவார்கள். மட்டக்குதிரைக்குப் பத்தடிக்குப் பத்தடி, பெரிய குதிரைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை, கீழே மெத்தென்று படுக்கை, குதிரை அசையாமல் நிற்கும். நரம்பு அறுந்த காயம், எலும்பில் கீறல், தையல் போட்டுப் பிரியாமல் காக்க வேண்டிய காயம், இவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கட்டு சுத்தமாக இருக்கும், மழையில் நனையாது, நாய் வராது, பார்வையிடவும் சுகம்.

ஆனால் எங்களிடம் யாருக்கு லாயம் இருக்கிறது? நான் செய்ததைச் சொல்கிறேன். தகரக் கூரை போட்ட கராஜில் இருந்த மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டுச் செவலையை உள்ளே விட்டேன். ஜூலை மாதம். பதினொரு மணிக்கே உள்ளே கை வைக்க முடியாத சூடு. மூன்றாம் நாள் பின்னேரம் அவள் தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை, முன்காலால் நிலத்தைச் சுரண்டினாள், தலையைத் திருப்பித் திருப்பித் தன் விலாவையே பார்த்தாள். வயிற்றுவலி. வைத்தியர் வந்து குழாய் விட்டுச் சரிப்படுத்தும்போது இரவு ஒன்பது மணி.

காரணம் பிறகுதான் விளங்கியது. குதிரையின் குடல் நடையோடு சேர்ந்து வேலை செய்வது. நாள் முழுக்க நடந்து மேயும் மிருகத்தைத் திடீரென்று நிறுத்தி, வழக்கமான கொள்ளையும் தவிட்டையும் அப்படியே கொடுத்து, தண்ணீரும் குறைந்தால், சாணம் இறுகி அடைத்துக்கொள்ளும். நான் வேறு காய்ந்த வைக்கோலை அள்ளிப் போட்டிருந்தேன். மாட்டுக்கு வைக்கோல் சரி, அதற்கு நாலு அறை வயிறு. குதிரைக்கு வைக்கோலை முழுத் தீனியாகக் கொடுத்தால் சத்தும் இல்லை, அடைப்பும் வரும்.

ஆகவே லாயத்தைத் தேர்ந்தால் கூடவே இவையும் வரும். அடைக்கும் அன்றே தானியத்தை வெகுவாகக் குறைத்துவிட வேண்டும், வேலை செய்யாத குதிரைக்குக் கொள்ளு தேவையில்லை. புல்தான் தீனி, உலர்ந்த கணக்கில் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதாவது 250 கிலோ மட்டக்குதிரைக்கு நாலு முதல் ஐந்து கிலோ. பச்சைப் புல் என்றால் முக்கால் பங்கு தண்ணீர்தான், அதனால் எடை பல மடங்கு ஏறும். அதை வெட்டிக்கொண்டு வர ஒரு ஆள் வேண்டும், இந்தச் செலவை யாரும் முதலில் நினைப்பதில்லை. சாணத்தை எண்ணுங்கள். நல்ல குதிரை ஒரு நாளில் எட்டுப் பத்துத் தடவை போடும். நாலாகக் குறைந்தால் வயிற்றுவலி வரும்வரை காத்திருக்காமல் வைத்தியருக்குச் சொல்லுங்கள். தகரத்தின் மேல் கிடுகு அடுக்குங்கள், அல்லது ஈரச் சாக்குப் போடுங்கள். எதிரெதிரே இரண்டு பக்கம் காற்றுப் போக வழி விடுங்கள்.

படுக்கைக்குத் தம்பலகாமம் பக்கத்து ஆலைகளில் உமி தாராளமாகக் கிடைக்கும் என்று சொல்வார்கள். கிடைக்கும். ஆனால் தூசி, ஈரக்காயத்தில் ஒட்டினால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும், சில குதிரை அதைத் தின்றும் வைக்கும். மர ஆலையின் சீவல் நல்லது, மரத்தூள் அல்ல, சுருள் சுருளாக வரும் சீவல்.

இன்னொன்று, தனிமை. குதிரை கூட்டமாக வாழும் மிருகம், தனியாக அடைத்தால் கத்தும், உதைக்கும், ஆறுகிற காலைச் சுவரில் அடித்துக்கொள்ளும். நாங்கள் பக்கத்தில் ஒரு வெள்ளாட்டைக் கட்டினோம். சிரிப்பீர்கள், ஆனால் அன்று இரவே அமைதியானாள். ஆடு போய் ஒரு வருடமாகிறது, இன்னும் ஆட்டுச் சத்தம் கேட்டால் காதைத் திருப்புவாள்.

## வளவுக்குள் சிறு அடைப்பு

என் சாய்வு இந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை.

வேம்போ மாமரமோ இருக்கும் வளவில், நிழல் விழும் பக்கமாகப் பார்த்து, முதலில் பன்னிரண்டடிச் சதுரம், காயம் ஆற ஆற இருபதடி, பிறகு முப்பதடி என்று விரித்துக்கொண்டு போகக்கூடிய அடைப்பு. குதிரை ஓட முடியாது, ஆனால் நாலடி எடுத்து வைக்கலாம், திரும்பலாம், படுக்கலாம். அந்த நாலடியே குடலை ஓட்டும், நின்று நின்று கால் வீங்குவதையும் குறைக்கும். காற்று இருக்கிறது. வீட்டு ஆட்கள் நடமாடுவது தெரிகிறது, தனிமை இல்லை. குசினி யன்னலில் நின்று பார்த்தாலே கட்டு நழுவியிருக்கிறதா என்று தெரியும். தோல் கிழிந்த காயம், குளம்பில் சீழ், லேசான சுளுக்கு, அடிபட்ட வீக்கம், ஆபத்துக் கட்டம் தாண்டிய ஆழக்காயம், எல்லாவற்றுக்கும் இது போதும். செவலையை நாலாம் நாள் இதற்குத்தான் மாற்றினோம், வயிற்றுவலி திரும்ப வரவே இல்லை.

அடைப்பு எதனால் கட்டுவது என்பதில் கவனம் வேண்டும். பனஞ்சலாகை மூன்று வரிசை, மேல்வரிசை குதிரையின் நெஞ்சளவு, ஆணி முனை வெளியே நிற்கக்கூடாது. முள்ளுக்கம்பியால் வந்த காயத்துக்கு முள்ளுக்கம்பியாலேயே அடைப்புக் கட்டியவரை எனக்குத் தெரியும், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு பழக்கம், பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டுவது. கோழிக்குச் சரி. குதிரையின் குளம்பு கண்ணியில் போனால் இழுக்க இழுக்க இறுகும், நல்ல காலும் போய்விடும்.

அடுத்தது மணல். நிலாவெளி, உப்புவெளி, சாம்பல்தீவு எல்லாம் மணல் நிலம். நிற்க மெத்தென்று இருக்கும், நீர் தேங்காது, காயத்துக்கு நல்லது என்று நினைப்போம். ஆனால் புல்லை மணலில் போட்டால் வாய்க்கு வாய் மணலும் உள்ளே போகும். அது குடலின் அடியில் போய்ப் படிந்து, கிழமைகள் கழித்து வயிற்றுவலியாக வரும். சோதனை சுலபம்: நிலத்தில் படாத மேல்சாணம் ஐந்தாறு உருண்டையை எடுத்து உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி அரை மணி வையுங்கள். அடியில் மணல் கோடு கட்டினால் தீனியை இன்றே உயரத்துக்கு மாற்றுங்கள். நாங்கள் பாதியாக வெட்டிய நீல பரலில் போட்டோம், அடியில் பழைய தரைவிரிப்பு. சிந்துவதும் விரிப்பிலேயே விழும்.

வளவில் நிற்கும் இலைகுழைகளையும் பாருங்கள். ஆட்டுக்கு ஒடித்துப் போடும் சீமைக்கிளுவை வேலியில் நிற்கும், அதைக் குதிரைக்கு எட்டாமல் வையுங்கள், மாட்டுக்கும் ஆட்டுக்கும் பழகிய இலை குதிரைக்குச் சரிவராது. இப்பில் இப்பில் மரத்தின் இலையைத் தொடர்ந்து தின்றால் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டும். கோழித்தீனி மூட்டை பக்கத்தில் இருந்தால் பூட்டி வையுங்கள். கோழிக்குச் சேர்க்கும் சில மருந்துகள், மொனென்சின் போன்றவை, குதிரையின் இதயத்தைக் கொல்லும், கொஞ்சமே போதும்.

வளவு அடைப்பின் மறைமுகச் செலவு இலையான். சாணத்தைக் காலையும் மாலையும் அள்ளித் தூரத்தில் கொட்டாவிட்டால் இரண்டு நாளில் கட்டின் ஓரத்தில் மொய்க்கும், முட்டையிட்டால் ஒரே நாளில் புழு. வேப்பெண்ணெயைக் காயத்தைச் சுற்றியுள்ள நல்ல மயிரில் தடவலாம், காயத்துக்குள் விடக்கூடாது. இரவில் பழைய நுளம்புவலையை அடைப்பின் மேல் போட நினைத்தோம், அவள் அதைத் தின்னப் பார்த்தாள், விட்டுவிட்டோம்.

மழை வந்தால் இந்த வழியின் பலமெல்லாம் போய்விடும். நவம்பரில் வளவு சேறாகும், குளம்பு ஊறிப் பதம் கெடும், கட்டு நனையும், நனைந்த கட்டு இல்லாத கட்டைவிட மோசம். வாடைக்காலத்தில் காயப்பட்டால் கூரை உள்ள இடமே முதல் தெரிவு, வளவு இரண்டாவதுதான்.

## கட்டும் கையும்: லாயம், வளவு இரண்டுக்கும் பொது

இது தெரிவு இல்லை, ஆனால் தெரிவைத் தீர்மானிப்பது. வீட்டில் வைப்பது என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும் என்று வையுங்கள், ஆறு கிழமைக்கு 21 தடவை. ஒவ்வொரு தடவையும் காயத்தில் ஒட்டாத துணி, பருத்திச் சுருள், மேலே இழுபடும் பட்டி. பாமசியில் ஒன்றொன்றாக வாங்கினால் காசு கரையும், பெட்டியாக வாங்குங்கள்.

முதல் தடவை நான் கட்டை அவிழ்த்தபோது பஞ்சு காயத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. அவசரத்தில் இழுத்தேன். அவள் உதைக்கவில்லை, காலை மெல்ல உயர்த்திப் பிடித்துக்கொண்டு காதைப் பின்னால் மடித்தாள், அவ்வளவுதான், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன்பிறகு ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஒன்பது கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி, கலந்து கால் மணித்தியாலம் நனைத்துவிட்டுத்தான் எடுப்பேன். தானாகக் கழன்று வரும். நாற்றம் பார்க்க வேண்டும். இரும்பு போல லேசான நெடி சரி, அழுகின முட்டை வாசம் சரியில்லை.

பட்டியை இறுக்கினால் நரம்பையே கெடுக்கும். பஞ்சைத் தாராளமாக வைத்து, மேலே சுற்றும்போது ஒரு விரல் உள்ளே போகவேண்டும். நுரை வரும் புண்மருந்தையும் கெட்டியான அயோடினையும் நாள்தோறும் ஊற்ற வேண்டாம், அவை கிருமியோடு புதுச் சதையையும் எரிக்கும். பக்கத்து வீட்டு ஐயா எனக்கும் ஒரு யோசனை சொன்னார், "தம்பி, கழிவு ஒயில் பூசு, இலையானே வராது." இலையான் வராதுதான்.

இன்னொன்று யாரும் எச்சரிக்காதது: முழங்காலுக்குக் கீழான காயத்தில் மூன்றாவது நாலாவது கிழமையில் சிவந்த சதை பொங்கி, தோலின் விளிம்பைத் தாண்டிக் கோலிபிளவர் போல வெளியே வரும். நான் அதை "நல்லா ஆறுது" என்று நினைத்து மகிழ்ந்தேன். அது ஆறுவதைத் தடுக்கிற சதை, தோல் அதன்மேல் ஏறாது. வைத்தியர் வெட்டி எடுத்தார். அதில் உணர்வு நரம்பு இல்லை, வலிக்காது, ஆனால் இரத்தம் குழாய் திறந்தது போல் வந்தது. முதல் கிழமையே படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் இரண்டு தடவை வெட்டவேண்டி வந்திருக்காது.

மூடிய வீக்கத்துக்கு முதல் இரண்டு மூன்று நாள் குளிர்ச்சி நல்லது, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். "கடலில் இறக்கு" என்பார்கள். எங்கள் கடல் குளிர்ந்த கடலா? வெதுவெதுப்பான தண்ணீர், அதோடு மணலும் கழிவும். திறந்த காயத்தோடு இறக்கவே வேண்டாம். மீனுக்கு ஐஸ் போடும் இடத்தில் உடைத்த ஐஸ் ஒரு சாக்கு வாங்கி, துணி சுற்றிக் காலில் வையுங்கள், மலிவு, அருமையாக வேலை செய்யும். குளம்பில் சீழ் என்றால் வைத்தியர் வழி திறந்து விட்டபிறகு கட்டுவதற்குக் குழந்தையின் பம்பர்ஸைவிட நல்ல சாமான் இல்லை, பெரிய சைஸ் ஒன்று குளம்பை அப்படியே மூடும், மேலே ஒட்டுநாடா.

வலி மருந்து வைத்தியர் சொன்ன அளவு, சொன்ன நாள், தீனியோடு. இரண்டு வகையைச் சேர்க்காதீர்கள், வீட்டில் கிடக்கும் மனித மாத்திரை வேண்டவே வேண்டாம், வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

## அவிழ்த்து வெளியில் விடுவது

இதற்கு ஆதரவாகச் சொல்லும் வாதம் எப்போதும் ஒன்றுதான்: நெடுந்தீவில் தன்பாட்டில் திரியும் குதிரைக்கு யார் கட்டுப் போட்டார்கள்? சரி, யாரும் போடவில்லை. ஆனால் நெடுந்தீவுக்குப் போய் நாம் பார்ப்பது பிழைத்த குதிரைகளை. பிழைக்காததை யார் படம் எடுத்தார்கள்?

கடைசிக் கட்டத்துக்கு இதுதான் சிறந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். தோல் மூடி, நொண்டல் போய், கையில் பிடித்து நடத்தும் காலம் முடிந்த பிறகு மேய்ச்சல் கொடுக்கும் தெம்பை லாயம் கொடுக்காது. உடம்பின் மேல்பகுதியில் ஆழமில்லாத கீறல் என்றால் முதல் நாளிலிருந்தே விடலாம். மற்றபடி செலவில்லாத வழி போலத் தெரிகிறதே தவிர, தெருநாய், கட்டாக்காலி மாடு, குப்பைமேட்டுப் பொலித்தீன் எல்லாம் அங்கே காத்திருக்கின்றன. கந்தளாய் போன்ற பக்கம் என்றால் யானையும். நாய் கடித்தால் அது வெறும் காயமில்லை, விசர்நாய் பயம் இருக்கிறது, அன்றே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அதைவிட, சந்தோஷத்தில் ஒரே ஓட்டம் ஓடினால் இரண்டு மாத வேலை இரண்டு நிமிடத்தில் போகும். நரம்புக் காயம் ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பிடிக்கும், நொண்டல் அதற்கு வெகுமுன்பே மறைந்துவிடும், அங்கேதான் ஏமாறுகிறோம்.

## பேராதனைக்குக் கொண்டு போவது

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகச் சுமார் 180 கிலோமீட்டர், குதிரையோடு மெல்லப் போனால் அரை நாள். எங்கள் பக்கத்து அரச வைத்தியர்கள் நாள் முழுக்க மாடும் ஆடும் பார்ப்பவர்கள், நல்லவர்கள்தான், ஆனால் மூட்டைத் திறந்து கழுவும் வசதி வளவில் கிடையாது.

எப்போது இது ஒன்றே வழி? காயம் மூட்டுக்கோ நரம்புறைக்கோ (தசைநாணைச் சுற்றியுள்ள உறை) பக்கத்தில் இருந்து, மஞ்சள் நிறத்தில் வழுவழுவென்று விரலில் நூல் போல இழுபடும் திரவம் கசிந்தால். ஆணி குளம்பின் நடுவில் ஏறியிருந்தால் (பிடுங்காதீர்கள், எந்தக் கோணத்தில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று வைத்தியர் பார்க்கட்டும்). காலை ஊன்றவே மறுத்தால். மூட்டுக்குள் கிருமி போனால் கணக்கு நாளில் இல்லை, மணித்தியாலத்தில். முதல் நாளே போகிறவர் குதிரையோடு திரும்புவார். ஐந்து நாள் வீட்டில் பார்த்துவிட்டுப் போகிறவருக்குப் பயணச் செலவும் போய்க் குதிரையும் போகக்கூடும். எனக்கு இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்ல ஒன்று இருக்கிறதென்றால் இதுதான், பேராதனை கடைசி வழி இல்லை. ஒன்று முதல் வழி, இல்லையென்றால் தேவையில்லாத வழி.

மறைமுகச் செலவு லொறி. வழுக்காத தரை, பக்கத்தடுப்பு, மேலே நிழல், இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தண்ணீர். முன்னங்காலில் காயம் என்றால் முகம் பின்பக்கம் பார்க்க ஏற்றுங்கள், பிரேக் போடும்போது பாரம் நல்ல பின்னங்கால்களில் விழும். பின்னங்காலில் என்றால் முகம் முன்பக்கம். இதைச் சொன்னால் லொறிக்காரர் விசித்திரமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். போகும் முன் உங்கள் வைத்தியரைக் கொண்டு அங்கே பேசச் சொல்லுங்கள், இடம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள், கையில் கடிதம் வாங்குங்கள். உங்களில் ஒருவர் அங்கே சில நாள் தங்க வேண்டிவரும், அந்தச் சாப்பாடும் அறையும் வீட்டில் விட்ட வேலையும் கணக்கில் சேரும். உடம்பில் கிழிந்த காயத்துக்கு இவ்வளவும் வீண், பயணமே குதிரையைக் களைக்க வைக்கும்.

## நடுவில் மாறவேண்டி வந்தால்

எதைத் தேர்ந்தாலும் ஒரு கொப்பியில் விடியற்காலைச் சூட்டை எழுதுங்கள். 38.5 பாகைக்கு மேல் போனால் வைத்தியருக்குச் சொல்லுங்கள். தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ணப் பழகுங்கள், ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44. பிறகு யாரும் பார்க்காத நல்ல கால். மூன்று காலில் பாரம் தாங்கி நிற்கும் குதிரைக்குக் கிழமைகள் போகப்போக நல்ல காலின் குளம்பு சூடேறி, குளம்புக்கு மேல் நாடி திம்திம் என்று அடிக்கத் தொடங்கினால் அது முதல் காயத்தைவிடப் பெரிய ஆபத்து, குளம்புக்குள் எலும்பைத் தாங்கும் பிடிப்பே விட்டுவிடும். காலையில் கட்டைத் தொடுமுன் நல்ல குளம்பைத் தொட்டுப் பாருங்கள்.

நிலாவெளிக்காரருக்கு நான் அன்று இரவு சொன்னது இவ்வளவுதான். கராஜ் வேண்டாம், இது ஓகஸ்ட். வேம்படியில் பன்னிரண்டடி அடையுங்கள், வீட்டில் உங்கள் அம்மா பகலில் இருக்கிறார், ஆடும் இருக்கிறது. ஆனால் காயம் முழங்கால் மூட்டுக்கு இரண்டு விரல் தள்ளித்தான் என்கிறீர்கள், அதனால் விடிய கட்டை நனைத்து அவிழ்க்கும்போது வைத்தியரும் பக்கத்தில் நிற்கட்டும். பஞ்சில் அந்த மஞ்சள் வழுவழுப்பு இருந்தால் சலாகை வெட்டுவதை விட்டுவிட்டு லொறிக்குப் போன் எடுங்கள்.